கல்பை அளக்க வந்த கருவி



ஒரு காலத்தில் கணினியிடம் நாம் கட்டளை மட்டுமே இட்டு வந்தோம். கூட்டச் சொன்னால் கூட்டியது. அச்சிடச் சொன்னால் அச்சிட்டது. தன்முன் அமர்ந்திருப்பவர் மகிழ்ந்திருக்கிறாரா, அழுதுகொண்டிருக்கிறாரா என்பது அதற்கு வேண்டாத செய்தி. இன்று அந்த நிலை மாறிவிட்டது. நாம் திரையைப் பார்க்கும்போது திரையும் நம்மைப் பார்க்கிறது. எந்தப் படத்தில் நம் விரல் தயங்கி நின்றது, எந்தச் சொல்லைக் கேட்டதும் குரல் கம்மியது, கையில் கட்டிய கடிகாரத்தின் கீழே நாடி எப்போது விரைந்தது என்பனவெல்லாம் அளக்கப்படுகின்றன.

மனிதர் கணினியோடு உறவாடும்போது அவருடைய உணர்ச்சியை அளந்தறியும் இத்துறையை உணர்வுசார் கணிமை எனலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனப் பேராசிரியை ரோசலிண்ட் பிக்கார்ட் 1997இல் வெளியிட்ட நூலே இதற்கு அடித்தளம் இட்டது. முகத்தை அளக்கும் முறைக்கு அதற்கும் முன்பே ஒரு வேர் உண்டு. பால் எக்மன், வாலஸ் ஃபிரீசன் என்னும் இரு உளவியல் அறிஞர்கள் 1978இல் முகத்தசைகளின் ஒவ்வோர் அசைவுக்கும் எண் கொடுத்து ஓர் அட்டவணை அமைத்தனர். புருவம் சுருங்குவதற்கு ஓர் எண், உதட்டோரம் உயர்வதற்கு ஓர் எண் என்று அது நீளும். இன்றைய கேமராக்கள் பல, அந்த அட்டவணையின் வழியே முகத்தைப் பிரித்துப் படித்து, இது கோபம், இது மகிழ்ச்சி, இது வெறுப்பு என்று பெயர் சூட்டுகின்றன.

இத்துறையை வளர்த்தவர்களுள் எகிப்தைச் சேர்ந்த முஸ்லிம் பெண்மணி ஒருவரும் இருக்கிறார். ரனா அல்-கலியூபி என்னும் அவர் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்தவர். பிறர் முகத்திலுள்ள உணர்ச்சியைப் புரிந்துகொள்ளத் தடுமாறும் ஆட்டிசம் உடையோருக்குத் துணைபுரிவது அவருடைய தொடக்ககால நோக்கங்களுள் ஒன்று. 2009இல் பிக்கார்டுடன் சேர்ந்து அவர் அஃபெக்டிவா என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். ஆனால் சந்தை அதனிடம் கேட்டது வேறு. விளம்பரத்தின் எந்த நொடியில் பார்ப்பவர் முறுவலித்தார் என்பதை அறியப் பெருநிறுவனங்கள் பணத்துடன் காத்திருந்தன. 2021இல் அந்நிறுவனத்தைச் சுவீடனின் ஸ்மார்ட் ஐ நிறுவனம் வாங்கிக்கொண்டது. வாகனம் ஓட்டுபவர் கண்ணயர்கிறாரா என்று கேமரா மூலம் கவனிப்பது அந்நிறுவனத்தின் தொழில். உயிரைக் காக்கும் அப்பணியை நாம் குறை சொல்ல இடமில்லை.

ஒரே கருவி நோயாளிக்கு உதவுகிறது, ஓட்டுநரை எழுப்புகிறது, வாங்குபவரின் பலவீனத்தையும் கண்டுபிடிக்கிறது. அப்படியானால் ஒரு முஃமின் இதை எந்தத் தராசில் நிறுப்பது? சில மாதங்களாக இக்கேள்வி என்னோடு இருந்து வருகிறது. அதற்கான காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

பிறர் மனத்தை அறிவது குற்றமா?

குற்றமன்று. இதை முதலில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஸஹீஹ் புகாரியில் அழகான ஒரு செய்தி பதிவாகியுள்ளது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தம்மீது மகிழ்ச்சியாக இருப்பதையும் கோபமாக இருப்பதையும் தாம் அறிந்துகொள்வதாக நபி (ஸல்) அவர்கள் அவரிடமே கூறினார்கள். எப்படி என்று அன்னை வினவ, மகிழ்ச்சியாக இருந்தால் முஹம்மதின் இறைவன்மீது ஆணையாக என்றும், கோபமாக இருந்தால் இப்ராஹீமின் இறைவன்மீது ஆணையாக என்றும் அவர் சொல்வதை நபியவர்கள் எடுத்துக்காட்டினார்கள். அன்னையவர்கள் அதை ஒப்புக்கொண்டு, தாம் விடுவது தங்கள் பெயரை மட்டுமே என்று விடையளித்தார்கள்.

பேசுபவர் தேர்ந்தெடுக்கும் சொல்லைக் கொண்டு அவருடைய மனநிலையை அறிவதுதானே இன்றைய மென்பொருள் செய்ய முயல்வது? அதை ஒரு கணவர் தம் மனைவியிடத்தில், பல ஆண்டுப் பரிவின் பயனாக, ஒரே ஒரு பெயர் மாற்றத்தில் கண்டுகொண்டார். கண்டுகொண்டதை அவரிடமே சொன்னார். அவர் மறுமொழி சொல்லவும் இடம் இருந்தது. அதன் முடிவு உறவின் நெருக்கமாக அமைந்தது.

உடலின் அளவீட்டைக் கொண்டு உணர்ச்சியை அறிவதும் நமக்குப் புதிதன்று. மருத்துவ மேதை இப்னு சீனா (980-1037) தம்முடைய அல்கானூன் நூலில் காதல் நோயைப் பற்றி எழுதுகிறார். மனத்திலிருப்பவரின் பெயரை நோயாளி சொல்ல மறுப்பார். அப்போது அவருடைய நாடியைப் பிடித்துக்கொண்டு பல பெயர்களையும் இடங்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லி வர வேண்டும். எதைச் சொல்லும்போது நாடி மாறுகிறதோ அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட உணர்வுசார் அளவீடு இது! ஆனால் இப்னு சீனா அத்துடன் நிறுத்தவில்லை. மார்க்கம் அனுமதிக்கும் வழியில் இருவரையும் சேர்த்து வைப்பதே சிறந்த மருந்து என்று சிகிச்சையையும் சொன்னார். நாடியைப் பிடித்த விரல் நோயைத் தீர்க்கும் பொறுப்பையும் ஏற்றது.

இவ்விரு செய்திகளிலும் பொதுவாக ஒன்று உண்டு. பிறர் உள்ளத்தை அறிந்தவர் அந்த அறிவை ஓர் அமானிதமாகச் சுமந்தார். அது யாருடைய உள்ளமோ அவருடைய நலனுக்கே அதைச் செலவிட்டார். உள்ளத்தை அறிவதற்கு இஸ்லாம் வைத்திருக்கும் விலை இதுவென்றே நான் விளங்கிக்கொள்கிறேன்.

தமிழில் நடந்த ஒரு முயற்சி

கருவிகள் உண்மையிலேயே உணர்ச்சியை அறிகின்றனவா என்று பார்க்க நம் மொழியிலேயே ஒரு சான்று இருக்கிறது. இலங்கை, தமிழ்நாடு, அயர்லாந்து ஆகிய இடங்களில் பணியாற்றும் ஆய்வாளர்கள் சேர்ந்து 2022இல் தமிழ்எமோ என்னும் தரவுத்தொகுப்பை வெளியிட்டனர். யூடியூபில் தமிழர் எழுதிய 42,000க்கும் மேற்பட்ட பின்னூட்டங்களை மனிதர்களே படித்து, ஒவ்வொன்றிலும் உள்ள உணர்ச்சிக்குப் பெயரிட்டனர். நடுநிலையையும் சேர்த்து 31 வகைகள். பின்னர் அவற்றைக் கொண்டு கணினிக்குப் பயிற்சி அளித்துச் சோதித்தனர்.

முழு மதிப்பெண் 1 என்று வைத்துக்கொண்டால், உணர்ச்சிகளை மூன்றே பெரும் பிரிவுகளாகச் சுருக்கியபோது கணினி பெற்றது 0.60. ஏழு பிரிவுகளாக்கியபோது 0.42. முப்பத்தொரு உணர்ச்சிகளையும் பிரித்தறியச் சொன்னபோது 0.29. ஆய்வாளர்கள் இதை மறைக்காமல் வெளியிட்டிருப்பது பாராட்டுக்குரியது. ஆண்டுகள் செல்லச் செல்ல இவ்வெண்கள் உயரக்கூடும். ஆயினும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. நல்லது, கெட்டது என்று பொதுவாகப் பிரிப்பது ஓரளவு கைகூடுகிறது. வருத்தமா, ஏமாற்றமா, வெட்கமா, நன்றியா என்று நுணுகும்போது கருவி தடுமாறுகிறது. மனித உள்ளமோ அந்த நுணுக்கத்தில்தான் வாழ்கிறது.

நம் வீடுகளின் பேச்சையே எண்ணிப் பாருங்கள். பேரன் பிறந்த செய்தி கேட்டு ஒரு மூதாட்டி அல்ஹம்துலில்லாஹ் என்கிறார். மருத்துவமனையிலிருந்து தம் நோயின் கடுமையை அறிந்து திரும்பும்போதும் அவர் அல்ஹம்துலில்லாஹ் என்றே சொல்கிறார். இன்ஷா அல்லாஹ் என்பது ஒருவர் வாயில் உறுதிமொழி. இன்னொருவர் வாயில் முகம் கோணாத மறுப்பு. ‘நல்லா இருங்க’ என்பது துஆவாகவும் இருக்கும், மனம் நொந்தவர் எல்லாவற்றையும் அல்லாஹ்விடம் ஒப்படைத்துவிட்டு எழுந்து செல்லும் கடைசிச் சொல்லாகவும் இருக்கும். எழுத்தைப் படிக்கும் கருவி இதை எங்கிருந்து பிரித்தறியும்?

முகத்தைப் படிப்பதும் இவ்வாறே. உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் அவருடன் நால்வரும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பரிசீலித்து 2019இல் ஒரு நெடிய கட்டுரை வெளியிட்டனர். முகத்தை மட்டும் பார்த்து உள்ளுணர்ச்சியை உறுதியாகச் சொல்ல முடியாது என்பது அவர்களுடைய முடிவு. கோபம் கொண்டவர்கள் முகத்தைச் சுளிப்பது சராசரியாக 30 விழுக்காடு அளவில்தான். மீதி நேரங்களில் கோபம் வேறு முகங்களோடு வருகிறது. அதேபோல், கோபமே இல்லாதவரும் யோசனையில் புருவம் நெரிப்பார். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் முகமறியும் சேவையிலிருந்து, உணர்ச்சியை ஊகிக்கும் வசதியை விலக்கிக்கொள்வதாக 2022 ஜூன் மாதத்தில் அறிவித்தது.

இந்த ஆய்வுகளைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தவர் உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள். அவர்களுடைய சின்னஞ்சிறு மகன் இறந்துவிட்டான். கணவர் அபூதல்ஹா (ரலி) வெளியிலிருந்து திரும்பிப் பிள்ளையின் நலம் கேட்டபோது, அவன் முன்பைவிட அமைதியாக இருக்கிறான் என்ற பொருளில் விடை சொன்னார்கள். உணவு பரிமாறினார்கள். தம்மை அலங்கரித்தும் கொண்டார்கள். அந்த வீட்டில் ஒரு கேமரா இருந்திருந்தால் எந்தப் பெயரை எழுதியிருக்கும்? பெற்ற வயிறு பற்றியெரிய, கணவர் முதலில் இளைப்பாறட்டும் என்று முகத்தைக் காத்த ஸப்ருக்கு எந்த அட்டவணையில் எண் இருக்கிறது? அவ்விருவரின் அந்த இரவுக்காக நபி (ஸல்) அவர்கள் பரக்கத் வேண்டினார்கள். அதன் விளைவை ஹதீஸ் நூல்கள் சொல்கின்றன.

அளந்த பின் என்ன செய்கிறார்கள்?

கருவி தவறு செய்யும் என்பது மட்டும் நம் கவலையானால், அது திருந்தும் நாளில் நம் கவலை தீர்ந்துவிட வேண்டும். ஆனால் சரியாக அளந்தாலும் கவலை தீராது. அதற்கு ஃபேஸ்புக்கின் வரலாறே போதும்.

2012 ஜனவரியில் ஒரு வார காலம் 6,89,003 பயனர்களின் பக்கங்களில் ஒரு சோதனை நடந்தது. சிலருக்கு மகிழ்ச்சியான பதிவுகளையும், சிலருக்குத் துயரமான பதிவுகளையும் குறைத்துக் காட்டினார்கள். அதன்பின் அவர்கள் எழுதிய சொற்களில் மாற்றம் உண்டா என்று எண்ணினார்கள். மிகச் சிறிய அளவில் உண்டு என்று கண்டார்கள். 2014இல் ஆய்விதழில் முடிவு வெளியானபோதுதான் உலகம் இதை அறிந்தது. சோதிக்கப்பட்டவர்களிடம் எவரும் தனியே அனுமதி கேட்கவில்லை.

2016இல் விருப்பக் குறியோடு கோபமுகம், அழுமுகம் முதலிய குறிகளையும் அந்நிறுவனம் சேர்த்தது. அடுத்த ஆண்டு முதல், ஒரு பதிவை எத்தனை பேருக்குக் காட்டுவது என்று கணக்கிடும்போது, கோபமுகம் உள்ளிட்ட இக்குறிகளுக்கு விருப்பக் குறியைப்போல் ஐந்து மடங்கு மதிப்புக் கொடுத்தது. கோபத்தை ஈர்த்த பதிவுகளில் பொய்யும் நச்சும் மிகுதி என்று அவர்களுடைய ஊழியர்களே பின்னர் கண்டறிந்தனர். 2020இல் கோபமுகத்தின் மதிப்பைச் சுழியாக்கினர். இச்செய்தி 2021இல் கசிந்த ஆவணங்களால் வெளியே வந்தது. அந்த ஆண்டுகளில் நம் சமுதாயத்தைப் புண்படுத்திய ஒரு பதிவைக் கண்டு நம்மில் எத்தனை பேர் கோபமுகத்தை அழுத்தினோம்! நாம் அழுத்திய ஒவ்வொரு முறையும் அப்பதிவு இன்னும் பலரைச் சென்றடைய ஏணி வைத்துக் கொடுத்தோம்.

கோபம் கொண்டவர் நின்றுகொண்டிருந்தால் உட்காரட்டும், அதனாலும் தணியாவிட்டால் படுத்துக்கொள்ளட்டும் என்று வழிகாட்டினார்கள் நம் நபி (ஸல்) அவர்கள். அவர்கள் கோபத்தை அறிந்தது அதைத் தணிப்பதற்காக. இங்கோ கோபம் கணக்கிடப்பட்டது, கோபம் கொண்டவரைத் திரைமுன் இன்னும் சற்று நேரம் இருத்துவதற்குப் பயன்பட்டது. இப்னு சீனாவின் விரலும் இந்த எண்ணும் தொட்டது ஒரே நாடியைத்தான். முன்னதில் மருத்துவர் இருந்தார். பின்னதில் வணிகர் இருக்கிறார்.

எங்கள் மக்தபில் எழுந்த கேள்வி

இனி, இக்கேள்வி என்னிடம் வந்த வழியைச் சொல்கிறேன். புதுச்சேரியின் பழைய முஸ்லிம் தெருக்களில் பிரான்சில் உறவினர் இல்லாத வீடுகளைத் தேடித்தான் காண வேண்டும். 1962இல் இணைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று பாரிஸிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வளர்கிறார்கள். அவர்களுள் சிலர் இணையம் வழியாக எங்கள் மக்தபில் குர்ஆன் ஓதுகிறார்கள். புதன்கிழமை பிற்பகல் அங்கே பள்ளி விடுமுறை. இங்கே இஷாவுக்குப் பின் நாங்கள் வகுப்பைத் தொடங்குவோம். இவ்வூர்ப் பிள்ளைகளும் தத்தம் வீடுகளிலிருந்து அதில் சேர்ந்துகொள்வார்கள்.

அந்த வகுப்புக்கென ஒரு மென்பொருளை விற்க ஒருவர் வந்தார். பிள்ளையின் முகத்தைக் கேமரா தொடர்ந்து கவனிக்கும். கவனம் இத்தனை விழுக்காடு, ஆர்வம் இத்தனை, சலிப்பு இத்தனை என்று எண்கள் வரும். வாரம் ஒருமுறை அவ்வறிக்கை பெற்றோரின் கைப்பேசிக்குச் செல்லும். நிர்வாகிகள் என்னிடம் கருத்துக் கேட்டார்கள்.

நிர்வாகக் குழுவில் பொறியாளர் ஒருவர் இருக்கிறார். அவர் நியாயமாகவே பேசினார்: “ஹஸ்ரத், திரையில் நாற்பது பிள்ளைகள் சிறு சிறு கட்டங்களில் தெரிகிறார்கள். ஒருவர் நாற்பது முகங்களையும் பார்க்க முடியாது. மனம் வாடியிருக்கும் ஒரு பிள்ளையை இந்தக் கருவி காட்டிக் கொடுத்தால் உங்களுக்கு அது உதவிதானே?” இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. நாற்பது முகங்களை ஓர் ஆசிரியர் பார்க்க முடியாது என்பது உண்மையே.

நான் அவரிடம் ஒரு சிறுவனைப் பற்றிச் சொன்னேன். அவனுடைய தந்தை மவ்த்தாகிச் சில வாரங்களே ஆகியிருந்தன. வழக்கம்போல் அஸருக்குப் பின் நேர்வகுப்புக்கு வந்து அமர்வான். அழமாட்டான், சிரிக்கவும் மாட்டான். அவனுடைய கண்கள் முஸ்ஹஃபின் மேலேயே இருக்கும். கருவியிடம் கேட்டால் கவனம் தொண்ணூறு விழுக்காடு என்று மெச்சியிருக்கும். நான் கவனித்தது வேறு: நெடுநேரமாகியும் அவன் பக்கத்தைத் திருப்பவில்லை. பிள்ளைகள் போன பிறகு அவனை அருகில் அழைத்து, “என்ன தம்பி, இந்தப் பக்கத்திலேயே இருக்கிறீர்களே?” என்று கேட்டேன். “வாப்பா கடைசியா இந்த சூராவைத்தான் ஹஸ்ரத் என்கிட்ட கேட்டாங்க” என்றான். அதன் பின்னர்தான் அழுதான்.

அவனுடைய மனநிலை எனக்குத் தெரிந்தது அவன் சொன்னதால். அவன் சொன்னது, கேட்பவர் மேல் அவனுக்கு நம்பிக்கை இருந்ததால். கேட்ட எனக்கு அன்று முதல் ஒரு கடமையும் வந்தது. அவன் வீட்டுக்குச் சென்றேன், அவனுடைய மாமாவிடம் பேசினேன், அந்த சூராவை அவன் மனனம் செய்து முடிக்கும்வரை அவன் அருகில் அமர்ந்தேன். விழுக்காட்டை அனுப்பும் கருவிக்கு இத்தகைய கடமை ஏதும் இல்லை.

இன்னோர் அச்சத்தையும் சொன்னேன். தன் முகம் அளக்கப்படுகிறது என்று தெரிந்த பிள்ளை, முகத்தை அமைத்துக்கொள்ளக் கற்றுக்கொள்ளும். ஆர்வம் காட்டுவதுபோல் கண்களை விரிக்கப் பழகும். ஓதும் நேரத்தில் பிறர் காண முகம் காட்டுவதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் ரியா. பிள்ளைகளுக்கு இக்லாஸைக் கற்பிக்க வேண்டிய இடத்தில் ரியாவுக்கு மதிப்பெண் வழங்கும் கருவியை எப்படி வைப்பது?

நிர்வாகிகள் மென்பொருளை வாங்கவில்லை. பொறியாளரின் கேள்வியையும் அவர்கள் விட்டுவிடவில்லை. ஒதுக்கிய பணத்தில் துணை ஆசிரியர் ஒருவரை அமர்த்தி, இணைய வகுப்பை இரண்டாகப் பிரித்தார்கள். இருபது முகங்களை ஒருவர் பார்க்க முடியும்.

ஷரீஅத்தும் நாட்டுச் சட்டங்களும்

ஒரு போரின்போது, எதிரி ஒருவர் கலிமாவை மொழிந்த பின்னும் உஸாமா (ரலி) அவர்கள் அவரைக் கொன்றுவிட்டார்கள். ஆயுதத்துக்கு அஞ்சியே அவர் அதைச் சொன்னார் என்பது உஸாமாவின் ஊகம். நபி (ஸல்) அவர்கள் மிகவும் வருந்தி, அவர் உண்மையாகச் சொன்னாரா என்றறிய நீர் அவருடைய உள்ளத்தைப் பிளந்து பார்த்தீரா என்ற கருத்தில் உஸாமாவைக் கண்டித்தார்கள். அந்த மனிதரின் அச்சம் முகத்தில் தெரிந்திருக்கலாம். ஆயினும் முகத்தில் தெரிந்ததைக் கொண்டு உள்ளத்தின் மீது தீர்ப்பெழுத உஸாமாவுக்கு உரிமை இருக்கவில்லை.

உமர் (ரலி) அவர்களும் தம் ஆட்சிக் காலத்தில் இதையே நெறியாக அறிவித்தார்கள். வஹீ நின்றுவிட்டது, இனி மக்களை அவர்களுடைய வெளிப்படையான செயல்களைக் கொண்டே நடத்துவோம், அந்தரங்கத்தைக் கணக்குக் கேட்பவன் அல்லாஹ் என்பது அதன் சாரம். துருவித் துருவி ஆராய்வதைக் குர்ஆன் (49:12) தடுக்கிறது. கண்களின் கள்ளப் பார்வையையும் நெஞ்சங்கள் மறைப்பதையும் அறிவது இறைவனின் பண்பு (40:19). அவன் அறிகிறான், அறிந்தும் மறைக்கிறான், மன்னிக்கிறான்.

நம் நாட்டின் உச்ச நீதிமன்றமும் இதற்கு நெருங்கிய ஒரு தீர்ப்பை வழங்கியிருக்கிறது. மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் வியர்வையையும் அளந்து பொய்யைக் கண்டறிவதாகச் சொல்லும் கருவிச் சோதனையையும், மயக்க மருந்துச் சோதனையையும், மூளை அலைச் சோதனையையும் ஒருவருடைய விருப்பத்துக்கு மாறாக நடத்தக் கூடாது என்று செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 2010 மே 5 அன்று தீர்ப்பளித்தது. ஒருவருடைய மனத்துக்குள் அவர் சம்மதமின்றி நுழைவது தனிமனித உரிமைக்கு எதிரானது என்பது அதன் அடிப்படை.

ஆயினும் 2021 ஜனவரியில் லக்னோ காவல்துறை ஒரு திட்டத்தை அறிவித்தது. பெண்கள் தொல்லைக்கு உள்ளாகும் 200 இடங்களில் கேமராக்கள் வைக்கப்படும். பெண்ணின் முகத்தில் துன்பக் குறி தோன்றினால் அருகிலுள்ள காவலருக்குத் தகவல் செல்லும். நோக்கம் பாதுகாப்பு என்றே சொல்லப்பட்டது. ஆனால் தலைவலியோடு பேருந்துக்கு நிற்கும் பெண்ணும், தாயின் நோயை எண்ணி நடக்கும் பெண்ணும் காவல்துறையின் பார்வைக்குள் வர வேண்டுமா என்று உரிமை ஆர்வலர்கள் கேட்டனர். அக்கேள்வியில் நியாயம் உண்டு.

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய செயற்கை நுண்ணறிவுச் சட்டம், பணியிடங்களிலும் கல்வி நிலையங்களிலும் மனிதரின் உணர்ச்சியைக் கருவியால் ஊகிப்பதைத் தடைசெய்கிறது. மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் விலக்கு உண்டு. இத்தடை 2025 பிப்ரவரி 2 முதல் நடைமுறையில் இருக்கிறது. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்கு உட்பட்டோரின் நடத்தையைக் கண்காணிப்பதைப் பொதுவாகத் தடுக்கிறது. எனினும் கல்வி நிறுவனங்களுக்குச் சில விலக்குகள் தரப்பட்டுள்ளன. ஒரே பாட்டனாரின் இரண்டு பேரப்பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். பாரிஸில் பள்ளி செல்லும் பிள்ளையின் முகத்தை இவ்வாறு அளக்க அந்நாட்டுச் சட்டம் இடந்தராது. முல்லா வீதியிலிருந்து பள்ளி செல்லும் பிள்ளைக்கு அவ்வளவு தெளிவான வேலி இன்னும் இல்லை. அந்த வேலியை அமைக்கும் பொறுப்பு இங்கே பெற்றோர்மீதும் ஆசிரியர்மீதும் ஜமாஅத்துகள்மீதும் விழுகிறது.

நம் கையிலிருப்பது

தொழில்நுட்பத்தை வெறுக்க இதை எழுதவில்லை. இதயத் துடிப்பை எண்ணும் கடிகாரம் நோயாளிக்கு நன்மை. உறங்கும் ஓட்டுநரை எழுப்பும் கருவி பல குடும்பங்களுக்கு நன்மை. எந்தக் கருவியைக் கண்டாலும் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். என் உணர்ச்சியை அளப்பது எனக்குத் தெரியுமா? அளந்தது யாருடைய நலனுக்குச் செல்கிறது? அது தவறாகச் சொன்னால் இல்லை என்று மறுக்க எனக்கு வழி உண்டா? அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கு இம்மூன்றும் இருந்தன. அவர்களுடைய மனநிலை அவர்களிடமே சொல்லப்பட்டது. அவர்கள்மீது அன்பு கொண்டவரால் சொல்லப்பட்டது. அவர்கள் விடை சொல்லவும் முடிந்தது.

கைப்பேசியில் எந்தெந்தச் செயலிக்குக் கேமராவையும் ஒலிவாங்கியையும் திறந்து விட்டிருக்கிறோம் என்பதை இன்றே ஒருமுறை பாருங்கள், தேவையற்றவற்றை மூடிவிடுங்கள். பிள்ளைகளின் பாடச் செயலிகளில் இதை முதலில் செய்யுங்கள். கோபமூட்டும் பதிவைக் கண்டால் குறியை அழுத்தும் முன் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு உட்காருங்கள். அந்தச் சில நிமிடங்கள் சுன்னத்தாகவும் அமையும், அந்தப் பதிவின் பயணத்தையும் நிறுத்தும்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் தன்னைத்தானே கணக்குக் கேட்கும் முஹாசபாவுக்கென ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறார்கள். வணிகர் மாலையில் ஏட்டைப் பார்ப்பதுபோல் அடியான் தன் நஃப்ஸின் வரவு செலவைப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் தரும் உவமை. இரவு படுக்கும் முன், இன்று எதற்குச் சினந்தேன், யாரைக் கண்டு பொறாமைப்பட்டேன், எந்த நிஃமத்துக்கு நன்றி சொல்ல மறந்தேன் என்று நாமே கேட்டுக்கொண்டால், நம் உள்ளத்தைப் பற்றி நம்மைவிட ஒரு நிறுவனம் அதிகம் அறிந்திருக்கும் இழிநிலை வராது.

வீட்டில் இருப்பவர்களின் முகங்களும் நம் பார்வைக்கு உரிமையுள்ளவை. மனைவியின் குரலில் ஒரு சொல் மாறியதா, மகன் தட்டில் சோற்றை அளைந்துகொண்டே இருக்கிறானா, வயதான தாயார் வழக்கத்தைவிட நீண்ட நேரம் முஸல்லாவில் அமர்ந்திருக்கிறாரா என்று கவனிப்போம். கவனித்தால் கேட்போம். கேட்டால் அதற்குரிய கடமையை ஏற்போம்.

உள்ளங்களை அறிந்தவனும் அவற்றைப் புரட்டுபவனுமாகிய வல்ல அல்லாஹ், நம் உள்ளங்களைத் தன் மார்க்கத்தில் நிலைப்படுத்துவானாக. நம் குறைகளை மறைப்பானாக. பிறருடைய உள்ளம் நம்மிடம் திறக்கும்போது அதை அமானிதமாகப் பேணும் நற்பேற்றை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் அருள்வானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.